பத்து விநாடி

போர்வைக்குள் கையை விட்டு, அண்ணனின் கட்டைவிரலை அழைப்பு மணி ஸ்விட்சிலிருந்து விலக்கினாள் தங்கை. விரல் லேசில் வரவில்லை. உயிர் போய் மூன்று மணி நேரமாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அப்போதுதான் கிளம்பியிருந்தார். வாசலில் அண்ணி யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போன பிறகு, இடது கைக்கு எட்டும்படி இந்த அழைப்பு மணியைத் தங்கைதான் செய்து கொடுத்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லீவு நாளில் சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். அமுக்கினால் டைமர் ரிலேயை இழுக்கும், சமையலறையில் பத்து விநாடி மணி அடிக்கும், நிற்கும். அப்படித்தான் அவள் நினைத்தாள். ஆனால் மணி நிற்கவே இல்லை. ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்துப் பார்த்ததில் கோளாறு சர்க்யூட்டில் இல்லை, அண்ணனிடம் இருந்தது. ஹாரன் அடித்துப் பழகிய கை. ஆள் வரும்வரை எடுக்க மாட்டார். ஸ்விட்ச் அமுங்கியிருக்கும்வரை டைமரும் ரிலேயை விடாது, மணியும் ஓயாது.

"காது கிழியுது. பஸ்ஸுக்குக் குறுக்க வந்த மாதிரி என்னை விரட்டுறாரு," என்று அண்ணி சிரித்துக்கொண்டே அலுத்துக்கொள்வாள்.

நேற்று மாலை அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தபோது, தங்கை நடுவில் ஒரு சின்ன கெப்பாசிட்டரைச் சேர்த்தாள். இனி எவ்வளவு நேரம் அமுக்கினாலும், அமுக்கிய அந்த ஒரு கணம்தான் டைமருக்குத் தெரியும். பத்து விநாடியோடு சரி. மறுபடி அடிக்க விரலை எடுத்துவிட்டு அமுக்க வேண்டும். அண்ணனிடம் நாலு தடவை சொன்னாள். அவர் கோணல் வாயால் சிரித்துவிட்டு விரலை எடுக்காமலே இருந்தார். போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தாள். அண்ணியிடம் இன்றைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள்.

அண்ணி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"காலைல ஆறு மணிக்கு மெஷின்ல துணி போட்டேன். அது பிழியுற சத்தத்துல ஒண்ணும் கேக்காதுதான். ஆனா அவரு அமுக்கினா விடுற ஆளா? கூப்பிட்டிருந்தா மெஷின் நின்ன பிறகும் அடிச்சிட்டே இருந்திருக்கும்ல?"

தங்கைக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

"தூக்கத்துலயே போயிட்டாரு, இல்ல?"

"ஆமா அண்ணி."

"எதுக்கும் ஒருதரம் அமுக்கிப் பாரேன். அது ரிப்பேராகி, அவரு கூப்பிட்டு எனக்குக் கேக்காம போயிருந்தா, நான் எப்படித் தாங்குவேன்."

தங்கை போர்வைக்குள்ளேயே அமுக்கினாள். சமையலறையில் மணி அடித்தது. பிறகு நின்றது.

"நல்லாத்தான் இருக்கு." அண்ணிக்கு இப்போதுதான் கண்ணீர் வந்தது. "அப்ப அவரு கூப்பிடல."

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கால் பக்கம் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்து போனாள்.

தங்கை இன்னும் விரலை எடுக்கவில்லை. ஸ்விட்ச் அமுங்கியே இருந்தது. சமையலறையில் சத்தமே இல்லை.