சிவப்பு ஜன்னலில் ஒன்று

...ஒன்றா, ஐந்து அல்லவா இருக்க வேண்டும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன், கேமராவின் முதுகிலுள்ள அந்தச் சின்னச் சிவப்பு ஜன்னலில் ஒன்றேதான், அப்படியானால் அண்ணன் ஒரு படம்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டான். ஒரு சுருளின் எட்டுப் படத்தில் முதல் நாலு அவனுக்கு, மீதி எனக்கு, ஆறு வருஷமாக மாறாத ஏற்பாடு. அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வைத்துக்கொள்வது என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய் முறிந்தபிறகு எங்களுக்குள் போய்வருவது இந்தக் கேமரா மட்டும்தான், கூரியரில், கடிதம் கிடையாது, போன் கிடையாது. இந்த அளவு ஃபிலிம் கடைக்கு வருவது நின்று எத்தனையோ காலம், அகலமான ஃபிலிமை இருட்டறையில் வெட்டிப் பழைய எண் காகிதத்தோடு சுற்றுவது அவன், கழுவிப் பிரதி போடுவது நான். அவன் ஊரிலுள்ள பழைய விமானங்கள் அவனுக்கு, இந்த அருங்காட்சியகக் கொட்டகையில் நிற்பவை எனக்கு, படத்தில் ஆள் யாரும் வரக்கூடாது என்பது சின்ன வயதில் போட்ட சட்டம். இப்போது எல்லாம் அலுத்துவிட்டதா, எட்டையும் நீயே எடுத்துத் தொலை என்கிறானா, எனக்கு மட்டும் என்ன உற்சாகம் பொங்கி வழிகிறது, ஆறு நாள் மருந்துக்கடையில் நின்ற கால் ஏழாவது நாளும் சிமெண்ட் தரையில் நிற்கிறது, எதிரே இந்த இரட்டை இறக்கைக் கிழவியும் என்னைப் போலவே எங்கும் போகாமல் நிற்கிறாள்.

காவலுக்கு இருக்கும் அம்மா பக்கத்தில் வந்தார், போன செவ்வாய்க்கிழமை இதே கேமராவோடு உங்கள் ஜாடையில் ஒருவர் வந்தார் என்றார். இங்கேயா... என் வீடு இரண்டு பஸ் நிறுத்தம்தான், வந்தவன் ஒரு எட்டு எட்டிப் பார்க்கவில்லை. கைத்தடி வைத்திருந்தாராம், வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம், கடைசியில் கேமராவை இவரிடம் கொடுத்து, இந்த விமானத்துக்கு முன்னால் தன்னை ஒரே ஒரு படம் எடுக்கச் சொன்னாராம். கைத்தடியா, எப்போதிலிருந்து, எனக்கு யாரும் சொல்லவில்லையே, யார் சொல்வார்கள். தன்னை எடுக்கச் சொன்னானா, அவனா... அப்படியானால் ஒன்று காலி இல்லை, எடுத்துவிட்டு ஃபிலிமைச் சுற்றாமல் விட்டிருக்கிறான், இந்தக் கேமராவில் சுற்றாமல் அமுக்கினால் முதல் படத்தின் மேலேயே அடுத்ததும் விழும், பள்ளிக்கூட நாளில் நான் அப்படிப் பாழாக்கியபோது எடுத்த கையோடு சுத்துடா என்று மண்டையில் நறுக்கென்று குட்டியவன் அவன்தான். மறந்திருப்பான், கைத்தடி வைக்கும் வயதில் மறக்காதா. குமிழைத் திருகினால் இரண்டு வந்துவிடும், விரல் வைத்தேன், வைத்தபடியே நின்றேன்.

"நடுவுல நில்லுங்கன்னு சொன்னேன் சார். கேக்கல. ஓரமாவே நின்னுட்டாரு."

எந்த ஓரம் என்று கேட்டேன். இடது சக்கரத்தைக் காட்டினார். குமிழைத் திருகாமலே கேமராவை அவரிடம் கொடுத்து, அன்றைக்கு நீங்கள் நின்ற அதே இடத்திலிருந்து எடுங்கள் என்றேன். வலது சக்கரத்திலிருந்து நாலடி உள்ளே வந்து நின்றேன், அவன் மேல் இடித்துவிடாத தூரம்... விமானம் முழுசாகத் தெரியட்டும் என்று ஒதுங்கினானா, எனக்கு இடம் விட்டானா, போன் போட்டுக் கேட்கலாம், கேட்டால் முதலாவதைத்தான் சொல்வான் அந்த அழுத்தக்காரன். கொஞ்சம் சிரிங்க சார் என்கிறார் அந்த அம்மா. ஆறு வருஷம் கழித்து அண்ணன் பக்கத்தில் நிற்கிறேன், கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.