ஐஸ் ரூமில் நடுங்கிய குரல்

மீமிசலில் மீனுக்கு ஐஸ் போடுகிற பிளாண்ட் ஒன்று தமிழ் ராக் அண்ட் ரோல் பிறந்த புனிதத் தலம் என்பது மரிய செல்விக்கு அறுபத்தைந்து வயதில்தான் தெரியவந்தது. சென்னையிலிருந்து கேமராவோடு வந்த வசந்த் சொன்னான். பிளாண்டைக் கட்டிய அவளுடைய அப்பா மைக்கேல்சாமி, அந்தத் தலத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: கிடாரைத் தூக்கிக்கொண்டு வருகிற பயல்களால் ஐஸ் உருகுகிறது.

எழுபத்தொன்பதில் அங்கே ரெக்கார்டிங் நடந்ததற்குக் கலைக் காரணம் எதுவுமில்லை. ஐஸ் ரூமுக்கு இரட்டைச் சுவர், நடுவில் உமி அடைத்தது. வெளியே மீன் ஏலத்தில் என்ன கத்து கத்தினாலும் உள்ளே கேட்காது. ஆவூர்ப் பக்கம் கோயிலில் பாடிக்கொண்டிருந்த அருள்தாஸும் கூட்டாளிகளும் ஒரு சிங்கப்பூர் டேப் ரெக்கார்டரை உள்ளே வைத்து, மெஷினை நிறுத்தச் சொல்லி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நின்று பாடினார்கள். அந்த கேசட் கறம்பக்குடி டீக்கடையிலிருந்து கீரனூர் பஸ் வரைக்கும் ஓடியது. அதைக் கேட்டு ஊருக்கு ஊர் கிடார் கோஷ்டி முளைத்தது. எல்லோரும் அங்கேயே வந்து பாடினார்கள். ஆனால் அருள்தாஸின் ஒரு பாட்டில் இருந்த குரல் நடுக்கம் மட்டும் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

அந்த நடுக்கத்துக்கு அருள்தாஸ் ஒரு கதை வைத்திருந்தார். புதுக்கோட்டைக் காலேஜ் பெண் ஒருத்தி, தெய்வீகக் காதல், பாட்டு பதிவான அன்று காலையில் அவளுக்கு வேறொருவனோடு கல்யாணம். பேட்டிக்குப் பேட்டி அந்தப் பெண் அழகாகிக்கொண்டே போனாள். மறுத்துப் பேசக் கூட்டாளிகள் யாரும் பக்கத்தில் இல்லை. ஒருவர் மேலே போனார், மற்றவர்கள் வளைகுடா போனார்கள். வீடு தேடி வரும் ரசிகர்கள், காபி கொண்டு வரும் மரிய செல்வியை ஆறுதல் பரிசைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அவருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அது வலித்தது. வெளியே சொன்னதில்லை.

வசந்தும் அப்படித்தான் பார்த்தான். அந்த நடுக்கத்தில் ஒரு தலைமுறையின் துக்கமே இருக்கிறது என்று அவளுக்கு விளக்கிவிட்டு, டீ கிடைக்குமா மேடம் என்றான்.

பிளாண்டை இப்போது நடத்தும் அவள் தம்பி ஜஸ்டின், படப்பிடிப்புக்காக ஐஸ் ரூமைக் காலி செய்து கழுவிவிட்டிருந்தான். உள்ளே பெரிய பெரிய விளக்குகள். அதே பாட்டை அதே இடத்தில் அருள்தாஸ் மறுபடி பாட வேண்டும். படத்தின் உச்சமே அதுதானாம். பாடினார். வியர்த்துக் கொட்டியது. குரலோ, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் படிப்பவர் குரல் மாதிரி ஆடாமல் அசையாமல் வந்தது. அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளச் சொன்னான் வசந்த். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார். தெய்வீகக் காதல் கை கொடுக்கவில்லை. பரவாயில்லை, நடுக்கத்தைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வசந்த் தன் ஆளிடம் முணுமுணுத்தது அருள்தாஸ் காதில் விழுந்துவிட்டது. முகம் சுருங்கிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மரிய செல்விக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன மனசு, அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டீத் தட்டைக் கீழே வைத்தாள். விளக்குகளை அணைத்துவிட்டு ஐஸை உள்ளே இறக்கும்படி தம்பியிடம் சொன்னாள். பிறகு வசந்த் பக்கம் திரும்பினாள்.

"அது துக்கமில்ல தம்பி, குளிரு. அன்னைக்கு வெளியில தாழ்ப்பாளப் போட்டது நான்தான்."

அருள்தாஸ் நிமிர்ந்தார். பழைய கதவு, இறுகிக்கொள்ளும் என்று அன்றைக்குத் திறந்துவிட்டபோது சொன்னவள் அவள்தான். அதை அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தார்.

"டீ கொண்டாந்தேன். நீங்க பஸ்ஸுல பாத்த ஒருத்தியப் பத்தி உள்ள அளந்துக்கிட்டிருந்தீங்க. அவ பேருகூட ஒங்களுக்குத் தெரியாது. ஆத்திரத்துல சாத்திட்டேன். வெறச்சுப்போய்ப் பாடுனீங்க. அந்தப் பாட்டு அவளால வந்ததில்லங்க. என்னால வந்தது."

வசந்தின் முகத்தில் இப்போது ஒரு தலைமுறையின் துக்கம் நன்றாகவே தெரிந்தது.

அறை மறுபடி குளிர்ந்ததும் அருள்தாஸ் தானாகவே எழுந்து உள்ளே போனார். கேமராக்காரனும் போனான். மைக் ஒயரைப் பழைய குழாய் ஓட்டை வழியாக வெளியே இழுத்துவிட்டார்கள். அருள்தாஸ் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"போட்டுரு செல்வி," என்றார்.

போட்டாள். நன்றாக விறைக்க விட்ட பிறகுதான் பாட்டு ஆரம்பித்தது. வசந்த் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அருள்தாஸுக்குப் பல் தந்தியடித்தது; குரல் அந்த நாளில் நடுங்கியது போலவே நடுங்கியது. 'கண்ணே' என்று வருகிற இடத்தில் மட்டும் வார்த்தையை மாற்றி, 'செல்வி' என்று பாடினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

துக்கம் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேனே, இனி இந்த நடுக்கத்துக்கு என்ன பெயர் போடுவது என்று வசந்த் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"பயம்னு போடுங்க தம்பி," என்றாள் மரிய செல்வி. அருள்தாஸுக்கு என்று வைத்திருந்த டீயை எடுத்துத் தானே குடித்தாள்.