இரண்டாம் பாகத்தில் இடது பக்கம் கிடையாது

எங்கள் ஊர் ஒரு வீடியோ கேம். அதன் இரண்டாம் பாகத்தை வேண்டுமென்றே பழைய பாணியில் எடுத்துவிட்டதால், இந்தப் பங்குனியிலிருந்து ஊரில் யாரும் இடது பக்கம் திரும்பிப் போக முடியாது.

முதல் பாகம் வந்த புதிதிலும் இப்படித்தான் இருந்தது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். அன்றைக்கு ஆட்டத்தை ஓட்டுகிற பெட்டிக்கு அவ்வளவுதான் தெம்பு. கடந்து வந்த தெருவை ஞாபகம் வைத்துக்கொள்ள அதற்கு இடம் பற்றாது. நாம் வலது பக்கம் நடக்க நடக்க, பின்னால் இருந்ததை அது மறந்துகொண்டே வரும். ஆளுக்கு மூன்று வண்ணம்தான், முகத்தில் மூக்கு கிடையாது. இல்லாதவன் வீட்டுக்குப் போய் ஏன் பாயசம் வைக்கவில்லை என்று கேட்க முடியுமா? பொறுத்துக்கொண்டோம். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் ஏதாவது ஒன்றைச் சேர்த்தார்கள். மூக்கு வந்தது, நான் மூக்குத்தி போட்டுக்கொண்டேன். சேலைக்கு ஜரிகை வந்தது. போன வழியே திரும்பி வர வழி வந்தது. இரண்டாம் பாகம் தயாராகிறது என்று கேள்விப்பட்டபோது, இனிமேல் பிச்சிப்பூவுக்கு வாசனைகூட வைத்துவிடுவார்கள் என்றார் என் வீட்டுக்காரர் சங்கரபாண்டியன்.

என்ன வைத்தார்கள்? இருந்த மூக்கைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மூக்குத்தி அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு கிடக்கிறது. என் குங்குமமும் ரவிக்கையும் இவருடைய செருப்பும் ஒரே சிவப்பு. கேட்டால் பழைய பாணியாம், ரசனையாம். பசிக்குக் கூழ் குடித்து வளர்ந்தவளிடம் வந்து, மண்சட்டியில் கூழை ஊற்றி, பெரிய ஹோட்டலில் இப்போது இதுதான் விசேஷம் என்று நீட்டினால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் பற்றிக்கொண்டு வந்தது.

சட்டம் இதுதான். திரை அவரவரோடு நகரும். அவரவர் திரையின் இடது ஓரம் அவரவருக்குச் சுவர். எங்கள் வீட்டிலிருந்து பால் கடை வரைக்கும் திரை நகராது, அதனால் அதுவரை போகலாம், வரலாம். பால் கடையைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தால் வீடு போனது போனதுதான். ஆளுக்கு மூன்று உயிர். பள்ளத்தில் விழுந்தாலோ முள்ளெலி மேல் மோதினாலோ ஓர் உயிர் போகும். போனவர் ஆட்டத்தின் ஆரம்பத்தில் வந்து நிற்பார். மூன்றும் தீர்ந்துவிட்டால் அந்த ஆள் எங்கேயும் வந்து நிற்பதில்லை.

ஆட்டத்தின் ஆரம்பம் என்பது எங்கள் வீட்டு வாசல். அங்கிருந்து வலது பக்கமாக ஊர் கட்டம் கட்டமாக நீளும். ஐந்தாம் கட்டத்தில் செத்தவரும் எங்கள் வாசலில்தான் வந்து நிற்பார், ஏழாம் கட்டத்தில் செத்தவரும் அங்கேதான். கோலத்தை மிதித்துக்கொண்டு நிற்பார்கள். செத்து வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? நீர்மோர் கொடுப்பேன். சிலர் சாப்பிட்டுவிட்டும் போவார்கள். சந்தைக் கூட்டம் போல வாசலில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். கம்பெனிக்காரன் ஒரு பிடி அரிசி கொடுத்ததில்லை.

என் மகள் ஆவுடையை நான்காம் கட்டத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சம்பந்தம் பேசியது மூக்கு இருந்த காலத்தில். கல்யாணம் நடந்தது இரண்டாம் பாகத்தில். பாகம் மாறுவதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டார் இங்கே வந்துவிட்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக, மாப்பிள்ளை இசக்கிராஜாவோடு வலது பக்கம் நடந்து போனாள். பால் கடை வரைக்கும் நானும் கூடவே போனேன். அதற்கு மேல் அவள் திரை வேறு, என் திரை வேறு.

நீ போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போகலாம். போனால் திரும்ப முடியாது. பெண் கொடுத்த வீட்டில் போய்க் காலம் பூராவும் உட்கார்ந்து சாப்பிட எனக்கு மானம் ரோஷம் இல்லையா? போதாததற்கு எனக்குக் குதிக்க வராது. முதல் பள்ளத்தில் ஒன்று, இரண்டாம் பள்ளத்தில் ஒன்று என்று என் உயிரெல்லாம் பால் கடைக்குப் பக்கத்திலேயே தீர்ந்துவிடும்.

அவளைப் பற்றிய சேதி, நான்காம் கட்டத்தில் செத்து வருகிறவர்கள் சொல்லித்தான் தெரியும். பத்திரப் பதிவு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஆறுமுகநயினார் அப்படித்தான் வந்தார். "நல்லா இருக்கா தாயி. நடுவுல ஒரு பலகை ஆடிக்கிட்டே இருக்கும், நாங்கல்லாம் சாமி கும்பிட்டுட்டுத்தான் கால் வைப்போம். உம்ம மக துணிக்கூடையோட தாண்டுதா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுட்டு வைத்திருந்த அதிரசத்தையும் ஒரு புட்டி நல்லெண்ணெயையும் அவரிடமே கொடுத்தனுப்பினேன். முதல் பள்ளத்திலேயே விழுந்து, கையை வீசிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். செத்தால் கையில் இருக்கிற சாமான் வராது. அதன் பிறகு அவருக்கு ஓர் உயிர்தான் மிச்சம். பால் கடைக்கு அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

ஆவுடை விழவே இல்லை. எப்படி விழுவாள்? எதிர்க் கடைக்கு உப்பு வாங்கப் போனால்கூடப் ஏட்டி பார்த்துப் போ, பார்த்துப் போ என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். ஊரான் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் தொப்புத் தொப்பென்று விழுந்து என் வாசலில் வந்து நிற்கின்றன. என் பிள்ளை மட்டும் வரவில்லை. வரக்கூடாது என்று ஆவுடையப்பனை வேண்டிக்கொண்டேன். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் அவளோ என்று ஓடியும் பார்த்தேன். இந்த இரண்டு நினைப்பையும் ஒரே வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்க வேண்டி வந்தது யாரால்?

அந்த யாரானவன் ஐப்பசி பிறந்ததும் வந்தான். நிரஞ்சன் என்று பெயர். கம்பெனியில் எங்கள் ஊரை வரைகிறவன். ஆரம்பம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தானாம். எங்களுக்குத்தான் பழைய பாணி, அவனுக்கு இல்லை. தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. மூக்கு இருந்தது. மூக்கில் வியர்வை கூட இருந்தது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். திரும்பி வர வழி வைக்க உங்க பெட்டிக்கு இப்பத் தெம்பு இல்லையா?" என்றேன்.

"தெம்புக்கு என்னம்மா குறை? இப்ப அதால முடியாதது எதுவுமே இல்ல."

"பொறவு ஏன் வைக்கல?"

"வச்சா பழைய மாதிரி இருக்காதும்மா. முடிஞ்சும் செய்யாம இருக்கோம் பாருங்க, அதுதான் அழகு."

முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அவனுக்கும் ஒரு தம்ளர் மோர் கொடுத்திருப்பேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் பட்டினி போடுகிறவனை என்ன செய்வது?

"தலைதீபாவளி வருது. எம் மக எப்படி வீட்டுக்கு வருவா?" என்றேன்.

அவன் யோசித்தான். நன்றாக யோசிக்கிறவன்தான். வலது பக்கம் பார்த்தான், எங்கள் வாசலைப் பார்த்தான், விரலால் காற்றில் ஏதோ கோடு போட்டான்.

"உயிரை விட்டா வரலாம்மா" என்றான்.

"கரிமுடிவான்! நீ வெளங்குவியா? ஒன் வீட்டுல பொம்பளப் பிள்ளை இல்லையா? அவளை இப்படிச் சொல்லுவியா?" என்று ஆரம்பித்தேன். பழைய பாணியில் நாம் பேசுவது கட்டத்துக்குள் எழுத்து எழுத்தாக வரும். ஒரு கட்டத்துக்கு இரண்டு வரிதான். நான் திட்டியது பதினோரு கட்டத்துக்கு வந்தது. ஒவ்வொன்றையும் படித்து, கீழே இருந்த முக்கோணத்தை அழுத்தி, அடுத்ததையும் பொறுமையாகப் படித்தான். எல்லாம் முடிந்ததும் எழுத்து தெளிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

தீபாவளியன்று எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ இரண்டு பேர் என்று ஆறுமுகநயினார் குரல் கொடுத்தார். மோர்ச் செம்போடு போனேன். ஆவுடையும் மாப்பிள்ளையும் நின்றார்கள். செத்து வந்த புதிதில் எல்லோரும் மின்னி மின்னித் தெரிவது வழக்கம். மின்னி முடியும் வரை அவர்கள் மேல் எதுவும் ஒட்டாது. நான் கட்டிப்பிடிக்கப் போய், கை அவள் தோளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவள் கெட்டியாகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

"தவறி விழுந்துட்டியாட்டி?"

"இல்லம்மா. பார்த்துத்தான் விழுந்தேன்."

"மாப்பிள்ளை, உங்களுக்காவது புத்தி வேண்டாமா?"

"தலைதீபாவளி அத்தை" என்றார் இசக்கிராஜா. "ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் விழுந்தோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு வாய் சோற்றுக்கும் ஒரு கை எண்ணெய்க்கும் உயிரை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு. திட்டிக்கொண்டேதான் அவள் தலையில் எண்ணெய் வைத்தேன். திட்டிக்கொண்டேதான் தேய்த்தேன். பழைய பாணியில் அவள் தலைமுடி நாலே கட்டம். அந்த நாலு கட்டத்திலும் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். சூடு இறங்கட்டும் என்றேன். எதுக்கும்மா அழுதே என்றாள். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டோம். விரல் இல்லாததால் கையோடு சேர்த்துப் போட்டோம். ஆவுடை மூன்று முறை ரசம் வாங்கிக் குடித்தாள். அங்கே மாமியார் நல்லவர்தானாம், ரசத்தில் மட்டும் புளி தூக்கலாம். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆடுகிற பலகையை எப்படித் தாண்ட வேண்டும் என்று அடுக்களைப் பலகையை வைத்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் இலை எடுக்கும்போது அவள் சொன்னாள், "பொங்கலுக்கும் வாரேம்மா. எப்படி வரணும்னு இப்பத் தெரிஞ்சு போச்சுல்லா."

அவளுக்கு நேர் மேலே, ஆகாயத்தில், எல்லோருக்கும் எழுதியிருப்பது போல அவளுக்கும் எழுதியிருந்தது. இரண்டு. பொங்கலுக்கு வந்தால் ஒன்று. அதற்குப் பிறகு வளைகாப்பு இருக்கிறது, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று ஊர் வழக்கம் இருக்கிறது. அவள் வழக்கத்தை விடுகிறவள் இல்லை. என் பிள்ளையாயிற்றே. நான் இலையை மடித்து வெளியே போட்டுவிட்டு வந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். பலகாரம் கட்டிக் கொடுத்தேன், வலது பக்கம் போகும்போது சாமான் கூடவே போகும். வாசலில் நின்று ஆவுடை, "போயிட்டு வாரேம்மா" என்றாள்.

"அப்படிச் சொல்லாதட்டி" என்றேன். "போறேன்னு சொல்லு."

மாப்பிள்ளை பலகாரத் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அம்மா கேக்கால்லா, சொல்லிரு தாயி" என்றார் சங்கரபாண்டியன்.

"போறேம்மா" என்றாள்.

"சரி."

பால் கடையை ஒட்டி நின்ற முதல் முள்ளெலியை ஒரே தாண்டில் தாண்டினாள். நன்றாகத்தான் குதிக்கிறாள். பால் கடையைத் தாண்டியதும் திரை அவளோடு போய்விட்டது.

நான் அழுதேன். பழைய பாணியில் ஒரே சமயத்தில் ஊருக்கு மூன்று சத்தம்தான். எந்நேரமும் ஊரில் ஓடுகிற பாட்டுக்கு நாகசுரம் ஒன்று, சுருதிக்கு ஒத்து ஒன்று, தவில் ஒன்று. நான் அழத் தொடங்கியதும் இடம் பற்றாமல் தவில் நின்றுபோய், அந்த இடத்தில் என் அழுகை வந்தது. பால் கடையில் நின்றவர்களும் முள்ளெலிகளும் அன்று பொழுது சாய்கிற வரைக்கும் அந்தத் தாளத்துக்கு நடந்தார்கள்.