செவில் நகரத்தில் நூற்று நாற்பத்து மூன்று

மதியம் இரண்டு மணிக்கு அந்த மூலைச் சாப்பாட்டுக்கடை வாசலில் மகன் நின்ற நிலையைப் பார்த்ததும் பெற்றீசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் இரண்டையும் சேர்த்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, உள்ளேயிருந்து யாராவது கூப்பிடுவார்களா என்று றொக்சன் பார்த்துக்கொண்டு நின்றான். இலங்கையில், கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் தொரையைப் பார்க்கப் போகும்போது அவனுடைய அப்பா நிற்பதும் இப்படித்தான். கடல் தாண்டி ஸ்பெயினுக்கு வந்து எட்டு வருஷமாகியும் அந்த நிற்பு மட்டும் பையனை விட்டுப் போகவில்லை.

செவில் நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் துணி வெளுக்கிற பகுதியில் அவனுக்கு வேலை. மூன்று வாரத்துக்கு அம்மாவை அழைத்திருந்தான். நாளைக் காலையில் அவளுக்குப் பிளேன். வந்த நாளிலிருந்து சோறு, பருப்பு, டின் மீன்தான். ஒரே ஒரு நாள் மாதா கோயில் பக்கம், படம் போட்ட மெனு வைத்திருந்த கடைக்குக் கூட்டிப்போய் ஆறிப்போன மஞ்சள் சோறு வாங்கிக் கொடுத்தான். அங்கே சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் கழுத்தில் கமரா மாட்டியவர்கள். ஊர்க்காரர் ஒருத்தரைக்கூடக் காணோம்.

ஊர்க்காரர் சாப்பிடுகிற இடம் இவர்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. தினமும் மதியம் அந்த மூலைக்கடையில் தேன்கூடு கலைந்த மாதிரி சத்தம். எல்லாரும் நின்றுகொண்டே, சின்னச் சின்னத் தட்டில் எடுத்து வாயில் போட்டு, வாயைத் துடைத்த கடதாசியைத் தரையிலேயே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒரு தடவையாவது அங்கே நின்று சாப்பிடாமல் போவதில்லை என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதற்குத்தான் இன்று மகனை இழுத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டா வாசல்லயே நிக்கிற? நீ இங்க சாப்பிட்டதே இல்லியா?"

"இல்லம்மா. வந்த புதுசுல மூணு நாலு தடவ வந்து நின்னேன். ஒருத்தரும் உள்ள வான்னு சொல்லல. நம்மள மாதிரி ஆளுங்கள இவங்களுக்குப் புடிக்காதும்மா. வாங்க போவோம், வீட்டுல பருப்பு இருக்கு."

பெற்றீசியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எட்டு வருஷம்! வீட்டுக்கு எதிரே ஒரு ஊரே சாப்பிடுகிறது, பெற்ற பிள்ளை தனியாகப் பருப்பு ஆக்கித் தின்றிருக்கிறான். மூன்று வாரம் ஜன்னலில் நின்று பார்த்தவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. அந்தக் கடையில் யாரையும் யாரும் கூப்பிடுவதில்லை. தபால்காரன் வருவான், தோளால் இடித்துக்கொண்டு உள்ளே நுழைவான், ஒரு சத்தம் போடுவான், தட்டு வந்துவிடும். தோட்டத்தில் அவள் கிள்ளிய தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற மடுவத்திலும் இதே கதைதானே? கொழுந்து மூட்டையோடு ஓரத்தில் ஒதுங்கி நின்றால் கடைசி ஆளாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

"பருப்ப நீ தின்னு" என்றவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

இரண்டு தடியர்களுக்கு நடுவே புகுந்து, தட்டு வைக்கிற நீளப் பலகையைப் பிடித்துவிட்டாள். மீசைக்காரக் கடைக்காரன் மூன்று தரம் அவள் தலைக்கு மேலாகவே பார்த்துவிட்டுப் போனான். நாலாம் தரம் முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் தன்பாட்டில் தொண்டையைத் திறந்துவிட்டது.

"நூத்தி நாப்பத்தி மூணு!"

தோட்டத்துப் பேரேட்டில் அவளுடைய பேர் நம்பர் அது. மடுவத்தில் தராசுக்காரனை அதட்டிக் கூப்பிடுகிற அதே குரல். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாசலில் றொக்சன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவளுக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மீசைக்காரன் நேராக அவள் முன்னால் வந்து, என்ன வேணும் என்பதுபோல நாடியைத் தூக்கினான். அப்புறம் என்ன வெட்கம்? பக்கத்தில் நின்ற கிழவியின் தட்டைக் காட்டி இரண்டு விரலை நீட்டினாள்.

தட்டு இரண்டும் வந்தது. ரொட்டியைப் பிய்த்து அள்ளி வாயில் வைத்தவள் திரும்பி வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"டேய், கீரையும் கடலையும்டா! சீரகம் பூண்டு போட்டு வச்சிருக்கான். இதுக்காடா எட்டு வருஷமா பயந்த?"

பக்கத்துக் கிழவி அவள் முதுகில் தட்டி ஏதோ கேட்டாள். மீசைக்காரனும் கேட்டான். பெற்றீசியா வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். அப்போது வாசலிலிருந்து பதில் வந்தது. அத்தனை தலைகளுக்கும் மேலாக, அந்த ஊர்ப் பாஷையில், றொக்சனின் குரல். அவளுக்கு விளங்கியது 'ஸ்ரீலங்கா' ஒன்றுதான். ஆனால் சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிக் காட்டினான் பாருங்கள், தலையைக் குனியாமல், அம்மாவைப் பார்த்துக்கொண்டே! கிழவி பெற்றீசியாவின் கையைப் பிடித்துத் திருப்பி விரல்களைப் பார்த்துவிட்டுக் கடைக்கே கேட்கிற மாதிரி என்னவோ சொன்னாள்.

தடியர்களில் ஒருத்தன் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். றொக்சன் உள்ளே வந்து அந்த இடத்தில் நின்றான். தன் பங்குத் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டான். பிறகு இரண்டு முழங்கைகளையும் பலகையில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, அம்மாவுக்குத் தெரியாத ஏதோ ஒரு பலகாரத்தின் பேரை அடுப்படி வரைக்கும் கேட்கக் கூவினான்.