பன்னிரண்டு பதினாலுக்குப் பிறந்த ஃபைல்

திரையில் 85 என்று இருந்தது.

65 என்று இருந்திருக்க வேண்டும்.

புரோகிராம் எழுதிய ரோசரி அந்த எண்ணை மறுபடி படித்தாள். போன மாதம் வேறொரு பாய்லருக்கு எழுதிய ஃபைலை நகல் எடுத்தவள் அவள்தான். எல்லாவற்றையும் மாற்றினாள். அந்த ஒரு எண்ணை மட்டும் விட்டுவிட்டாள்.

1988. ஒரு வெள்ளிக்கிழமை. துவாக்குடியில் ஒரு பாய்லர் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. முந்நூறு மீட்டர் தள்ளி, சோதனை யார்டில் புது பாய்லரை மூட்டி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அறுபத்தைந்து கிலோவைத் தொட்டதும் கம்ப்யூட்டரே பர்னருக்குப் போகும் எண்ணெயை நிறுத்த வேண்டும். அதைப் பார்க்கத்தான் மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். குறுக்கே வந்து கெடுக்கக் கூடாதென்று அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து நீராவியை விடும் சேஃப்டி வால்வைக்கூட இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டார் சீஃப் இன்ஜினியர் கிளமென்ட். கம்ப்யூட்டர் நிறுத்தும்வரை யார்டில் யாரும் எதையும் தொடக் கூடாது.

எழுபதைத் தாண்டினால் பாய்லருக்குள் ஆள் இறங்கும் மேன்ஹோலின் மூடியை அடைக்கும் கேஸ்கெட் பிய்த்துக்கொள்ளும். நீராவி முதலில் பாய்வது பர்னர் பக்கம்.

பர்னர் பக்கத்தில் நிற்கும் ஃபிட்டர் தைரியராஜ். ரோசரியின் அப்பா. காலையில் பாலக்கரையில் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஏறினார்கள்.

அழுத்தம் 31.

இரண்டு நிமிஷ வேலை, சத்தமில்லாமல் திருத்திவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தாள். அது அவள் செய்த இரண்டாவது தப்பு.

பக்கத்துத் திரையில் ஃபைலைத் திறந்தாள். 85-ஐ அழித்தாள். 65. சேமித்தாள். பிறகு நாலே ஆங்கில எழுத்தில் ஒரு கட்டளை: மேக். எந்த ஃபைல் மாறியிருக்கிறதோ அதை மட்டும் கண்டுபிடித்து, கம்பைல் செய்து, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றி, புரோகிராமைப் புதிதாகக் கோத்துத் தரும் கருவி அது.

ஒரே வரியில் பதில் வந்தது. 'புரோகிராம் அப் டு டேட்.' செய்ய ஒன்றுமில்லையாம்.

"அதெப்படி?"

மறுபடி அடித்தாள். அதே வரி.

ஃபைல் சேமிக்கவில்லையோ? திறந்து பார்த்தாள். 65 என்று தெளிவாக இருந்தது. மேக் படிக்கும் பட்டியலில் இந்த ஃபைலின் பெயர் விட்டுப்போயிருக்குமோ? பட்டியலைத் திறந்தாள். பெயர் இருந்தது. எழுத்து எழுத்தாகச் சரி பார்த்தாள். மூன்றாவது முறை அடித்தாள்.

அப் டு டேட்.

அழுத்தம் 46.

"சார்!"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்த மேனேஜர் ஸ்ரீரங்கராஜன் நிமிர்ந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் நாலு பேனா.

"என்னம்மா, குரல் என்னமோ மாதிரி இருக்கு?"

"எல்லையை எண்பத்தஞ்சுன்னு போட்டுட்டேன் சார். இப்ப மாத்திட்டேன், ஆனா மேக் எடுத்துக்கவே மாட்டேங்குது. பழைய புரோகிராம்தான் ஓடுது."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "எண்பத்தஞ்சா! ரங்கா... ஓடறதை நிறுத்திடேன்!"

"நிறுத்தினா எண்ணெய் நிக்காது சார். அதோட வால்வு திறந்தபடியே கிடக்கும். புதுசு வந்து மூடச் சொன்னாத்தான் மூடும்."

அவர் யார்டுக்கு போன் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பர்னர் போடும் இரைச்சலில் அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது.

52.

"நீ திருத்து, நான் ஓடறேன்" என்று கதவைப் பிடித்தார்.

ரோசரி ஃபைல்களின் பட்டியலைத் தேதி நேரத்தோடு திரைக்குக் கொண்டுவந்தாள். அவள் திருத்தியது: பதினொன்று இருபத்திரண்டு. சரி. காலையில் கம்பைல் ஆகி வந்தது: பன்னிரண்டு பதினாலு.

விரல் நின்றது. சுவரைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்தொன்று.

"சார், நில்லுங்க. இன்னும் வராத நேரத்துல இந்த ஃபைல் எப்படிப் பிறந்துச்சு?"

ஸ்ரீரங்கராஜனின் கை கதவிலேயே இருந்தது. அவர் திரும்பவில்லை.

"கேபிள் பாத்துட்டு வான்னு என்னை யார்டுக்கு அனுப்பிட்டு நீங்கதானே கம்பைல் பண்ணீங்க? மெஷின் கடிகாரத்தைத் தொட்டீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா..."

"தொட்டீங்களா சார்? அங்க எங்கப்பா நிக்கிறாரு!"

"தொட்டேன்." குரல் உள்ளே போயிருந்தது. "பத்தே முக்காலுக்கு ஆரம்பின்னு கிளமென்ட் கழுத்தைப் பிடிச்சார். வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னண்டு ராகு காலம். புது மெஷின், முதல் கம்பைல், மனசு கேக்கலை. கடிகாரத்தைப் பன்னண்டு பத்துக்குத் தள்ளி வச்சுப் பண்ணினேன். அப்புறம் பழையபடி சரி பண்ணிட்டேனே!"

"சரி பண்ணது கடிகாரத்தை. ஃபைல் மேல விழுந்த நேரம் அப்படியே இருக்கு. மேக்குக்கு நேரம்தான் கணக்கு. நான் திருத்தினது அதுக்குப் பழசு, உங்களுது புதுசு!"

அவர் ஓடினார்.

பன்னிரண்டு பதினாலுக்குப் பிறந்த ஃபைலையும் அதோடு பிறந்தவை எல்லாவற்றையும் ரோசரி அழித்தாள். மேக். இம்முறை மெஷின் முனகியது. டிஸ்க்கின் விளக்கு சிமிட்டியது. காலையில் கம்பைலுக்கு நாலு நிமிஷம் பிடித்தது; இப்போதும் நாலுதான்.

57.

ஜன்னல் வழியே ஸ்ரீரங்கராஜன் தெரிந்தார். ஐம்பது வயசு, தோல் செருப்பு. ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. யார்டு கேட்டில் சிவப்புக் கொடி. உள்பக்கம் பூட்டு. சோதனை நடக்கும்போது திறக்கக் கூடாது என்று கிளமென்ட் போட்ட உத்தரவு. காவலாளி பரக்கத் அலி கைகளை விரிப்பதும், ஸ்ரீரங்கராஜன் கம்பியைப் பிடித்து ஆட்டுவதும் பொம்மலாட்டம்போல் தெரிந்தன.

61.

முதல் ஃபைல் முடிந்தது. இரண்டாவது. மூன்றாவது. அடுத்து எல்லாவற்றையும் கோக்க வேண்டும்.

65.

நின்றிருக்க வேண்டிய எண் நிற்கவில்லை. 66.

மாதாவே என்றாள். கட்டளையை அடிக்கத் தயாராக விரல்களை வைத்தாள். ஒரு எழுத்துத் தப்பினால் மறுபடி அடிக்க வேண்டும்.

68.

கோத்து முடிந்ததற்கான குறி திரையில் வந்தது. பழைய புரோகிராமைக் கொன்றாள். அழுத்தம் காட்டிய திரை கறுத்தது. இனி எத்தனை கிலோ என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகப் புதியதன் பெயரை அடித்தாள். என்டர்.

'எல்லை: 65.'

'அழுத்தம்: 70.'

'எண்ணெய் நிறுத்தப்பட்டது.'

தூரத்து இரைச்சல் கத்தியால் அறுத்த மாதிரி நின்றது. 70. 70. 69.

ரோசரி எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

கால் மணி கழித்துக் கதவு திறந்தது. முன்னால் தைரியராஜ். முழங்கைக்குக் கீழே தோல் சிவந்து பளபளத்தது. பின்னால் ஒற்றைச் செருப்போடு ஸ்ரீரங்கராஜன்.

"எவன் பாப்பா அது? கேஸ்கெட் சீற ஆரம்பிச்சப்புறம் நிறுத்துறது?"

"நான்தான்ப்பா. நம்பரைத் தப்பாப் போட்டதும் நான்தான்." அவள் அந்தக் கையைப் பார்த்தபடியே சொன்னாள். "தெரிஞ்ச உடனே சொல்லாம இருந்ததும் நான்தான்."

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கிளமென்ட். அந்தக் குரல் ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது. "என்னய்யா, எழுபது வரைக்கும் போயிருக்கு? இன்ஸ்பெக்டர் கேக்குறார். மெஷின் கோளாறுன்னு எழுதிடுறேன், சரியா?"

ஸ்ரீரங்கராஜன் கண்ணை மூடித் திறந்தார்.

"வேண்டாம் சார். மெஷின் சொன்னபடிதான் செஞ்சுது. கோளாறு நான் பண்ணினது. அங்கேயே வந்து இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றேன்."

ரிசீவரை வைத்துவிட்டு, ராகு காலம் முதல் பன்னிரண்டு பதினாலு வரை தைரியராஜிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். தைரியராஜ் கையை ஊதியபடி கேட்டார்.

"நல்லது சார். அடுத்த தடவை நேரம் பாக்குறப்ப எனக்கும் சேத்துப் பாருங்க" என்றவர், வந்ததும் மேஜை மேல் வைத்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

"எங்கப்பா போறீங்க? கைக்கு மருந்து போட வேணாமா?"

"போடலாம் இரு. மொதல்ல அந்த சேஃப்டி வால்வு கட்டை அவுத்துட்டு வரேன்."