மீன்தொட்டிக்கு நல்ல தண்ணீர்

கமலாசனிக்கு மீன் என்றால் சட்டிக்குள் கிடக்க வேண்டும், பழப்புளி விட்டிருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் விட்டு, சாப்பாடு போட்டு வளர்க்கிற மீனை ஐம்பத்து மூன்று வயதுவரை அவள் கனவிலும் கண்டதில்லை. அப்படிப்பட்டவள்தான் செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணியையும் மறந்து தொட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். இரண்டு தங்கமீன்களும் அடியில் கிடந்தன. செட்டையை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, வாயை மட்டும் திறந்து திறந்து மூடின.

மீன்கள் அவளுடைய புருஷன் யோகலிங்கத்தினுடையவை. சிறுநீரகம் பழுது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, மனுஷன் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, விறாந்தையில் கதிரையைப் போட்டு றோட்டையே பார்த்தபடி இருந்தார். யாரோடும் கதையில்லை. ஒருநாள் கிளினிக்குக்குப் போனவர் பொலித்தீன் பையில் இரண்டு மீனோடு வந்து இறங்கினார். விசர் பிடித்துவிட்டதோ என்று கமலாசனி ஏசினாள்தான். ஆனால் அன்றிலிருந்து அவர் பல் தீட்ட முன்னமே தொட்டியடிக்குப் போனார். மீனோடு கதைத்தார், மீனைப் பற்றி அவளோடும் கதைத்தார். எட்டு மாதம் அப்படி ஓடியது. போன வியாழன் காய்ச்சல் என்று வார்ட்டில் மறித்தபோதும், "நான் வருமட்டும் அதுகளைப் பார்த்துக்கொள்" என்றுதான் சொல்லி அனுப்பினார்.

பார்த்துக்கொண்டாள். அதுதான் வினையாய்ப் போனது.

பூவரசங்குளத்தில் அவர்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படியும். சவர்க்காரம் நுரைக்காது. அந்தத் தண்ணீர்தான் மனுஷனுடைய சிறுநீரகத்தைத் தின்றது என்று ஊர் சொன்னது. டொக்டர் அப்படி அடித்துச் சொல்லவில்லை. குடிப்பதற்கு ஃபில்ட்டர் தண்ணீர் எடுங்கள் என்று மட்டும் சொன்னார். கமலாசனிக்கு அது போதும். கிணற்றுத் தண்ணீருக்கு வாசற்படியோடு எல்லை போட்டுவிட்டாள். தோய்க்கலாம், குளிக்கலாம், தென்னைக்கு விடலாம்; வீட்டுக்குள் ஒரு சொட்டு வரக்கூடாது. யோகலிங்கம் மட்டும் அவளுக்குத் தெரியாமலும் தெரிந்தும் தொட்டிக்கு அதைத்தான் அள்ளி ஊற்றிவந்தார்.

அவர் வார்ட்டில் கிடக்க, தொட்டிக் கண்ணாடியில் அதே வெள்ளைப் படிவைக் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனைத் தின்றது காணாதென்று இதுகளையும் தின்னப் போகிறதோ? ஞாயிற்றுக்கிழமை தொட்டியை முழுதாக இறைத்து, பாதித் தேசிக்காயின் புளியால் உரஞ்சிக் கழுவி, குடிக்கக் காசுக்கு வாங்கி வைத்திருந்த ஃபில்ட்டர் தண்ணீர்க் கான் இரண்டை அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

செவ்வாய் மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். யோகலிங்கம் சோற்றுப் பார்சலைப் பிரிக்க முதலே கேட்டார்.

"மீன் என்ன செய்யுது?"

"நல்லா ஓடித் திரியுதுகள்."

"வெள்ளிக்கிழமை துண்டு வெட்டி வீட்டை விடுவினமாம். வந்து பாக்கிறன்" என்று சிரித்தார். அவர் சிரித்ததுதான் அவளைக் கொன்றது. அந்த மீன்கள் போனால் மனுஷன் மறுபடியும் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார் என்று பயந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மீன் விற்ற சுஜிதனின் கடைக்கு ஓடினாள்.

"என்ன தண்ணி அம்மா விட்டனீங்கள்?" என்றான் சுஜிதன்.

"நல்ல தண்ணி தம்பி. நாங்கள் குடிக்கிற ஃபில்ட்டர் தண்ணி."

"கிணத்துத் தண்ணியோட கலந்தோ?"

"ஒரு சொட்டும் கலக்கேல்லை" என்றாள் பெருமையாக.

சுஜிதன் தலையில் கை வைத்தான். "ஐயோ அம்மா! அந்த ஃபில்ட்டர் மெசின், தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு முழுக்க எடுத்துப்போடும். இந்த மீனுக்கு அது வேணும். அது இல்லாட்டித் தண்ணி புளிச்சுப்போம், மீன் தாங்காது."

"அப்ப கிணத்துத் தண்ணிய விடட்டோ?" அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஓம். ஆனா ஒரேயடியா ஊத்தினீங்களெண்டா அதிலயே செத்துப்போம். மணித்தியாலத்துக்குத் தொட்டியில ஒரு செம்பு அள்ளி எறிஞ்சுபோட்டு, ஒரு செம்பு கிணத்துத் தண்ணி விடுங்கோ. மூண்டு நாள் பொறுமையாச் செய்யுங்கோ."

பஸ்ஸில் வரும் வழி முழுக்க அவளுக்கு அவன் மேல் கோபம். டொக்டரை விட இவன் பெரிய ஆளோ? ஆனால் எட்டு மாதம் அதுகள் அந்தத் தண்ணீரில்தானே சீவித்தன. கிணற்றில் ஒரு வாளி அள்ளினாள். வாசற்படியில் கால் ஒருமுறை தயங்கியது. பிறகு உள்ளே கொண்டுபோய்த் தொட்டியடியில் வைத்து, மூடி, மேலே செம்பைக் கவிழ்த்தாள்.

மணிக்கூட்டைப் பார்ப்பதும் செம்பை எடுப்பதுமாக அன்று பொழுது போனது. புதன் காலை சின்ன மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. முருங்கையடியில் தாட்டுவிட்டு வந்து, கையைக் கழுவி, அடுத்த செம்பை விட்டாள். சமைக்கவில்லை, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டாள். வியாழன் மத்தியானம் பெரிய மீன் அடியை விட்டு எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, சாப்பாட்டில் ஒரு மணியைக் கவ்வியது. அவள் அந்த இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மகள் சாரங்கா தகப்பனை ஓட்டோவில் கூட்டிவந்தாள். சொல்ல வேண்டியதைக் கமலாசனி காலையிலிருந்து பாடமாக்கி வைத்திருந்தாள். ஒன்று செத்துப்போச்சு, நான்தான் கொன்றனான், ஏசுங்கோ, ஆனால் கதைக்காமல் மட்டும் இருக்காதேங்கோ.

யோகலிங்கம் உள்ளே வந்தார். தொட்டிப் பக்கம் திரும்பியவர் வாளியைக் கண்டு நின்றார். குனிந்து செம்பை எடுத்தார். காய்ந்த செம்புக்குள் வெள்ளையாய் ஒரு வளையம் படிந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"கிணத்துத் தண்ணியோ?"

கமலாசனி தலையாட்டினாள்.

"நீ குடிச்சனியோ?"

அவளுக்கு விளங்கவில்லை.

"ஃபில்ட்டர் தண்ணி எனக்குப் போதாமப் போயிடுமெண்டு, நீ இதைக் குடிச்சுக்கொண்டு இருந்தனியோ?" மகள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நாளைக்கே அம்மாவைக் கொண்டுபோய் ரத்தம் சோதிக்க வேணும்."

"இல்லையப்பா! அது மீனுக்கு. ஒரு மீன் செத்துப்போச்சு..." அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுகை வந்துவிட்டது.

"மீன் செத்தாச் சாகட்டும்" என்றார் யோகலிங்கம். அவர் இன்னும் தொட்டியைப் பார்க்கவில்லை. "நீ குடிச்சனியோ, இல்லையோ? அதைச் சொல்லு."