கணேசலிங்கம் காத்த பத்தியம்

கணேசலிங்கத்திடம் கெட்ட பழக்கம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், சீட்டாட இருத்தினால் கொட்டாவி விடுவார். ஆனால் நெய் வாசம் மூக்கில் பட்டுவிட்டால் மனிதர் மனிதராக இருக்கமாட்டார். வேலை செய்கிற பெற்றோல் ஸ்டேசனில் கண்ணாடிக்குப் பின்னால் சாமி சிலைபோல் அமர்ந்திருக்கும் அதே ஆள், கண் சொருகி, வாய் சற்றே திறந்து, வாசம் வரும் திசைக்குத் தானாகத் திரும்பிவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு வீடு கிடைத்ததோ லண்டனில், அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மொகிந்தர் கவுர் அன்ரியின் வீட்டோடு ஒட்டி. நடுவில் ஒரே ஒரு சுவர். அன்ரி பஞ்சாபி. குளிர்காலம் பிறந்தால் அவருடைய அடுப்பு ஓயாது. கடுகுக்கீரையை மணிக்கணக்காய்க் கடைந்து வெண்ணெய் போடுவார். சோளமா ரொட்டியைக் கையாலேயே தட்டுவார். கரட்டைத் துருவிப் பாலில் வற்றவிட்டு அல்வா கிண்டுவார். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு வேலிக்கு மேலால் இந்தப் பக்கம் வரும். கணேசலிங்கத்தின் மனைவி தவமலர் அந்தப் பாத்திரத்தைக் கழுவி, முறுக்கோ பயத்தம் பணியாரமோ நிரப்பி, அந்தப் பக்கம் அனுப்புவாள். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் யாழ்ப்பாணத்திலும் இல்லை, பஞ்சாபிலும் இல்லை. அதனால் இரண்டு வீட்டுக்கும் நல்ல பொருத்தம்.

அந்தப் பொருத்தத்தில் கல்லெறிந்தவர் ஒரு டொக்டர். அன்ரியின் கணவர் பிரீத்தம் சிங், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். நெய்யும் சீனியும் இனி வாசலுக்கு வெளியே என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்ரி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நெய்ச்சட்டி அடுப்பில் ஏறினால் இந்த மனுசன் கரண்டியோடு வந்து நிற்பார், ஆகவே சட்டி ஏறவே ஏறாது என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவித்த முட்டைக்கோவாதான். சுவரின் இந்தப் பக்கத்திலும் பட்டினிதான்.

இந்தத் தடையை அன்ரி ஒரே ஒரு தடவை மீறியிருந்தார். அது எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம், லண்டன் முழுவதும் பனியில் புதைந்து கிடந்தபோது. தவமலருக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. ஊரில் சண்டை, அவளுடைய தாயால் வர முடியவில்லை. இதைக் கேட்ட அன்ரி, பிரீத்தம் சிங்கை நாள் முழுக்க குருத்துவாராக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, தவமலருக்கென்று பஞ்சீரி செய்தார். கோதுமை மாவை நெய்யில் மெல்லிய நெருப்பில் வறுத்து, பிசினைப் பொரித்து நொறுக்கி, பாதாமும் தாமரைவிதைப் பொரியும் வேர்க்கொம்புச் சுக்கும் ஓமமும் சர்க்கரையும் கலந்த, பொலபொலவென்ற பண்டம் அது. பிள்ளை பெற்றவளின் இடுப்புக்குப் பலம் என்று பஞ்சாபிகள் கொடுப்பது. மூடி போட்ட எவர்சில்வர் பேணி நிறைய வந்தது.

கணேசலிங்கம் அதை வாங்கி, பத்தியம் கெட்டுவிடக்கூடாதே என்ற அக்கறையில், முதலில் தான் ஒரு கரண்டி தின்று பார்த்தார். பிறகு இன்னொரு கரண்டி. பிறகு கட்டிலில் கிடந்த தவமலரிடம் பேணியை ஒருமுறை காட்டி, இரண்டு கரண்டி கொடுத்து, மூடியை இறுக்கினார்.

"பத்தியக்காரருக்கு இது கூடாதப்பா," என்றார்.

அவளுக்கு மிளகும் உள்ளியும் சீரகமும் அரைத்த சரக்குக்கறியையும் சோற்றையும் வைத்துவிட்டு, கீழே குசினியில் நின்றபடியே மீதிப் பேணியை முடித்தார். பிறகு அதை மறந்தும் போனார். நாக்கு மட்டும் மறக்கவில்லை.

அந்த ஆண்டு மார்கழியில் குளிர் மறுபடி இறங்கியதும் அவருக்குப் பஞ்சீரி ஞாபகம் பேய் மாதிரிப் பிடித்துக்கொண்டது. குப்பை வாளியை வெளியே வைக்கப் போன இடத்தில், அதே வேலையாக வந்த பிரீத்தம் சிங்கிடம் மெல்ல வாயைக் கொடுத்தார். இருவருடைய ஆங்கிலமும் ஒரே தரத்தில் இருந்ததால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொள்வார்கள். சும்மா கேட்டால் கிழவி அசையமாட்டாள் என்றார் பிரீத்தம் சிங். யாராவது பெண்ணுக்கு இடுப்பு நோ, முதுகு நோ என்றால் நடுச்சாமத்திலும் எழுந்து அடுப்பை மூட்டுவாள் என்றார். சொல்லும்போதே அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. தனக்கும் ஒரு கரண்டி வரவேண்டும் என்பதுதான் உடன்படிக்கை.

மறுநாளே கணேசலிங்கம் அன்ரியின் வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். தவமலருக்கு இடுப்பு நோவாம், குனிய ஏலாதாம், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறாளாம். அன்ரி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். பிள்ளை பெற்ற உடம்புக்கு அடுத்த குளிர்தான் எதிரி, இது தெரிந்ததுதானே என்றார். இரண்டு நாளில் பேணி தயார்.

அந்தப் பேணி வீட்டுக்குள் போகவே இல்லை. கணேசலிங்கத்தின் பழைய டட்சன் காரின் பின்பெட்டியில், மாற்றுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குடியேறியது. வேலை முடிந்து வந்ததும் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, உள்ளேயே இருந்து கரண்டி போடுவார். பக்கத்து இருக்கையில் பிரீத்தம் சிங் தலைப்பாகை கூரையில் இடிக்கக் குனிந்து உட்கார்ந்து, தன் கரண்டியை நீட்டுவார். கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து வெள்ளையாகிவிடும். இரண்டு தடித்த ஆண்கள் ஓடாத காருக்குள் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விடுவதைப் பார்த்த தபால்காரன், கடிதத்தை அவசரமாகக் கதவில் செருகிவிட்டுப் போனான்.

பேணி காலியானதும் வந்தது சிக்கல். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பொய் சொல்லத் துணிந்த கணேசலிங்கத்துக்கு, வெறும் பேணி கொடுக்கத் துணிவு வரவில்லை. அந்த அளவுக்கு அவர் இன்னும் கெட்டுப்போகவில்லை. தவமலரிடம் முறுக்குக் கேட்டால் எதற்கு என்பாள். கடைசியில், வேலை செய்கிற இடத்திலிருந்து இரண்டு பக்கற் கிறீம் பிஸ்கட் வாங்கிப் பேணிக்குள் கொட்டி, அன்ரியின் வாசலில் வைத்துவிட்டு நழுவினார். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போலிருந்தது.

பேணியைத் திறந்து பார்த்த மொகிந்தர் கவுருக்கு உள்ளம் பதறிவிட்டது. இத்தனை வருசத்தில் தவமலரின் கையிலிருந்து கடைப்பண்டம் வந்ததே இல்லை. காய்ச்சலோடு கிடந்தபோதுகூட நாலு முறுக்குப் பிழிந்து அனுப்பியவள். பிஸ்கட் வந்திருக்கிறதென்றால் அந்தப் பிள்ளை எழும்ப ஏலாமல் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்றுதான் அர்த்தம். அன்ரி கடுகெண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கி, சால்வையைப் போர்த்துக்கொண்டு புறப்பட்டார்.

அது சனிக்கிழமை பின்னேரம். கணேசலிங்கம் மகளை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். கிறீன் ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசியை இடுப்பில் தாங்கிக்கொண்டு வந்த தவமலர் அப்போதுதான் வாசலில் கால் வைத்தாள். பின்னால் வந்த அன்ரி அந்தக் காட்சியைக் கண்டு அலறாத குறை. மூட்டையைப் பறித்துக் கீழே போட்டார். என்ன ஏது என்று கேட்க விடாமல் அவளைச் சோபாவில் குப்புறக் கிடத்தி, கணேசலிங்கத்தை ஒரு பார்வையால் சமையலறைப் பக்கம் துரத்தி, இடுப்பில் எண்ணெயைத் தேய்க்கத் தொடங்கினார். கணேசலிங்கம் மகளைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

அன்ரியின் பெருவிரல் சரியான இடத்தில் இறங்கியதும் தவமலர் விம்மத் தொடங்கினாள்.

"அன்ரி, எனக்கு இடுப்பு நோகுது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் தலையணைக்குள். "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே."

கணேசலிங்கம் வாய்க்கு வந்தபடி அவிழ்த்துவிட்ட பொய், அந்த வீட்டிலேயே மெய்யாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது.

இவர்தானே வந்து சொன்னார் என்று அன்ரி கதவுப் பக்கம் கையைக் காட்டினார். ஒரு பேணி பஞ்சீரி தின்றும் குணமில்லையா என்று கவலையோடு கேட்டார். தவமலர் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்தாள். கதவுப் பக்கம் திரும்பினாள்.

"எந்தப் பேணி?" என்றாள்.

கணேசலிங்கம் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். பிறகு, "நான் சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான், தவம். நோகுதெண்டு எனக்குத் தெரியாது," என்றார். இதைவிட மோசமான ஒரு பதிலை யோசித்து உட்கார்ந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"ஓம், தெரியாதுதான்," என்றாள் அவள். "பிள்ளை பிறந்த நாளிலயிருந்து நோகுது. போன முறை வந்த பேணியையும் நீங்கள்தானே சாப்பிட்டனீங்கள். கரண்டி தட்டுற சத்தம் மேல கேட்டது."

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. அது ஒருநாளும் இல்லாத வெட்கம். இரண்டு பெண்களும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே முதலில் அன்ரியின் கோபக் குரல் கேட்டது. பிறகு இருவரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புத்தான் கணேசலிங்கத்தைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

தீர்ப்பு அன்றிரவுச் சாப்பாட்டோடு வந்தது. சாப்பாட்டுக் கோப்பையில் உப்பும் புளியும் மட்டுப்படுத்திய சரக்குக்கறி, மிளகு மூக்கில் ஏறியது. பிள்ளை பெற்றவளின் சாப்பாட்டை இரண்டு தரம் தின்றவர் பிள்ளை பெற்றவளின் பத்தியத்தையும் காக்கத்தானே வேணும் என்றாள் தவமலர். பொரியல் இல்லை, மிளகாய்த்தூள் இல்லை, பச்சைத்தண்ணி இல்லை. தலைக்குத் துணி கட்டவேண்டும், குளிர் ஏறாமல் காதில் பஞ்சு வைக்கவேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பெற்றோல் ஸ்டேசனுக்கும் கணேசலிங்கம் காதில் பஞ்சோடுதான் போனார். வாடிக்கையாளர்கள் கண்ணாடியில் தட்டித் தட்டிக் கத்த, அவர் புன்னகையோடு தலையாட்டி, நாலாம் பம்புக்காரரின் கணக்கை ஒன்பதாம் பம்புக்காரரிடம் கேட்டார்.

மத்தியானம் அன்ரியின் குசினிக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. அடுப்பில் பெரிய இரும்புச் சட்டி, பக்கத்தில் நெய்யும் மாவும். கரண்டியைக் கையில் கொடுத்த அன்ரி, கை நிற்கக்கூடாது, நெருப்பைக் கூட்டக்கூடாது, கருகினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். வாயில் வைக்கக்கூடாது என்பதை விரலை ஆட்டி இரண்டு முறை சொன்னார். வாசலில் ஒரு கதிரையைப் போட்டுப் பிரீத்தம் சிங்கை இருத்தியிருந்தார்கள். அவர் மடியில் அவித்த கோவா. அவர் அதைக் கிளறினார், இவர் மாவைக் கிளறினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மா முதலில் ஒட்டியது, பிறகு இளகியது, பிறகு மெல்ல மெல்ல நிறம் மாறி வாசம் கிளப்பியது. எந்தப் பஞ்சும் மூக்கை அடைக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. கை கடுத்தது, தோள் கடுத்தது. பிறகு முதுகின் அடியில் ஒரு நோ சுருக்கென்று பிடித்தது. ஒரு மணித்தியாலம் குனிந்து நின்றதற்கே இப்படியென்றால், ஒரு வருசமாகப் பிள்ளையையும் அரிசி மூட்டையையும் இதே இடுப்பில் சுமந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தார். அதற்குப் பிறகு நெய் வாசம் அவ்வளவாகத் தெரியவில்லை.

பின்னேரம் சுடச்சுட நிறைந்த பேணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, சோபாவில் சாய்ந்திருந்த தவமலரின் கையில் கொடுத்தார். அவள் மூடியைத் திறந்தாள், மணந்து பார்த்தாள், ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். அவர் பக்கத்தில் தலைக்கட்டோடு நின்றார். அவள் ஏதோ கேட்டாள். அவர் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"இடுப்பு நோகுதோ எண்டு கேட்டனான்."

"ஓமப்பா. சரியான நோ," என்றார் அவர்.

தவமலருக்கு முகம் கனிந்தது. இன்னொரு கரண்டியைக் கூம்பாக அள்ளி, அவர் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். கணேசலிங்கத்தின் கண் சொருகியது, வாய் தானாகத் திறந்தது. கரண்டி பாதி வழியில் நின்றது. பிறகு திரும்பிப் போய் அவள் வாய்க்குள்ளேயே நுழைந்தது.

"பத்தியக்காரருக்கு இது கூடாதப்பா," என்றாள் தவமலர், மென்றுகொண்டே.

கணேசலிங்கம் பஞ்சை மறுபடி காதில் செருகிக்கொண்டு, நேற்றிலிருந்து வாசலில் கிடந்த அரிசி மூட்டையைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார்.